பொதுக் கணினியும் ஒருவருக்கான உலாவியும்: கொல்லிமலைக்கு ஒரு திறந்த மடல்

கொல்லிமலை வட்டத்தின் அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் கணினிக்கூடங்களைப் பராமரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், மலையின் இ-சேவை மையங்களை நடத்துவோருக்கும்,



காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் வந்து சேரும் கணினிகளில், பள்ளிக்கும் இ-சேவை மையத்துக்கும் செல்பவை ஒருவருக்கு மட்டும் உரியவையாக இருப்பதில்லை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வளப்பூர் நாட்டிலிருந்து (மலையின் ஊர்த்தொகுதிகள் நாடு எனப்படும்) வரும் பெரியவரும், தேர்வு நுழைவுச்சீட்டைப் பதிவிறக்க வரும் மாணவியும், மிளகு விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா எனப் பார்க்க வரும் விவசாயியும் ஒரே விசைப்பலகையின் முன் அடுத்தடுத்து அமர்கின்றனர். அக்கணினியிலுள்ள உலாவியோ, அதாவது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருளோ, தன் முன் அமர்பவர் எப்போதும் ஒரே ஆள்தான், அவரே கணினியின் உடைமையாளரும் ஆவார் என்ற அனுமானத்தின்மீது கட்டப்பட்டது. கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கட்டுமா என்று அது கேட்பதும், ஒருமுறை தட்டச்சு செய்த முகவரியை மறுமுறை தானே நிரப்பித் தருவதும், மின்னஞ்சலில் நுழைந்தவுடன் உலாவிக்குள்ளும் அதே கணக்கில் நுழையுமாறு அழைப்பதும் அந்த ஒற்றை ஆளுக்குச் செய்யப்படும் உதவிகள். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் அதே உதவிகள் ஒருவரின் விவரத்தை அடுத்தவரின் கண்முன் கொண்டுவந்து வைக்கும் வழிகளாக மாறிவிடுகின்றன.

இந்த முரணை ஒவ்வொரு பயனரும் தாமே அமைப்புப் பக்கத்துக்குச் சென்று சரிசெய்துகொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. கணினியைப் பராமரிப்பவர் ஒரே முறையில், எல்லாப் பயனருக்கும் சேர்த்து, தேவையற்ற வசதிகளை அணைத்து வைப்பதற்கென்றே உலாவிகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு உலாவிக் கொள்கை என்று பெயர். அந்த ஏற்பாட்டைக் கொல்லிமலையின் பொதுக் கணினிகளில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதோடு, எங்கே பயன்படுத்தாமல் விடுவது நல்லது என்பதையும் இம்மடல் முன்வைக்கிறது. இரண்டாவது பகுதியே கூடுதல் சிந்தனையைக் கோருவது. ஏனெனில் கொள்கை என்பது பயனரால் மாற்ற முடியாத அமைப்பு, அதை எழுதுபவரிடம் அடுத்தவர் கணினியில் எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது.

அமைப்புப் பக்கத்தில் செய்யும் மாற்றத்துக்கும் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு எளிதானது. முன்னது ஒரு பயனர் கணக்கை மட்டும் சார்ந்தது, அடுத்து வருபவர் ஒரே சொடுக்கில் அதைத் திருப்பிவிட முடியும். பின்னது கணினி முழுமைக்கும் உரியது, உலாவி திறக்கும்போதே படிக்கப்படுவது, உரிய அமைப்புப் பக்கத்தில் அந்தப் பொத்தானைச் சாம்பல் நிறத்தில் பூட்டிக் காட்டுவது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தக் குழுக் கொள்கை என்ற முறை இருந்துவந்தது. குரோம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் அம்முறைக்குள் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 மே மாதம் வெளியான 60ஆம் பதிப்பில் தனக்கென ஒரு கொள்கை இயந்திரத்தைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸில் குரோமும் எட்ஜும் தம் கொள்கைகளை ரெஜிஸ்ட்ரி எனப்படும் அமைப்புப் பதிவேட்டிலிருந்து படிக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பதிவேட்டிலிருந்தும் படிக்கும். அது நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதில் ‘பாலிசீஸ்’ என்ற பெயருள்ள ஜேசன் கோப்பை வைத்தாலும் படிக்கும். ஜேசன் என்பது எந்த அமைப்புக்கு எந்த மதிப்பு என்பதை அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாக எழுதும் எளிய உரைவடிவம். சாதாரண நோட்பேடில் எழுதிவிடக் கூடியது. லினக்ஸில் குரோமுக்கும் இத்தகைய ஜேசன் கோப்பே போதும். இதற்கெல்லாம் தனிச் சர்வரோ விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோ தேவையில்லை என்பது, ஐந்தாறு கணினிகளே உள்ள மலைப்பள்ளிக்கு முக்கியமான செய்தி.

எதை முதலில் அணைப்பது? இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் உலாவி தன் தயாரிப்பாளருக்கு அனுப்பும் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைத் தடுப்பதில் தொடங்குகின்றன. அது தேவையற்றது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ உள்ள ஒரு பொதுக் கணினியில் அது பத்தாவது இடத்தில் வர வேண்டிய கவலை. முதலிடம் கடவுச்சொல் சேமிப்புக்கே உரியது. இ-சேவை மையத்தில் ஒருவர் தம் மின்னஞ்சலுக்குள் நுழையும்போது உலாவி ஒரு சிறு பெட்டியைக் காட்டி, கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா என்று கேட்கிறது. வரிசை நீண்டிருக்க, மையத்தின் பணியாளர் அந்தப் பெட்டியை மறையச் செய்யும் அவசரத்தில் ‘சேமி’ என்பதைச் சொடுக்கிவிட்டால், அதற்குப் பின் அந்தத் தளத்தைத் திறக்கும் எவருக்கும் அவருடைய பெயரும் கடவுச்சொல்லும் தாமாகவே நிரம்பி நிற்கும். குரோமிலும் எட்ஜிலும் ‘பாஸ்வேர்ட் மேனேஜர் எனேபிள்ட்’ என்ற கொள்கையைப் பொய் என்ற மதிப்பில் அமைத்தால் அந்தப் பெட்டியே எழுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் ‘ஆஃபர் டு சேவ் லாகின்ஸ்’ என்ற கொள்கை அதே வேலையைச் செய்கிறது. இக்கொள்கை புதிய சேமிப்பைத்தான் தடுக்கும், முன்பே சேர்ந்தவற்றை அழிக்காது என்பதால், அமைக்கும் நாளிலேயே பழைய சேமிப்பு முழுவதையும் கையால் நீக்கிவிடுவது அவசியம்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒத்திசைவில் இருக்கிறது. ஒத்திசைவு என்பது ஒரு கணக்கில் நுழைந்த எல்லாக் கருவிகளிலும் கடவுச்சொற்கள், புத்தகக்குறிகள், உலவிய வரலாறு ஆகியவற்றை ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதி. மையத்தை நடத்துபவர் தம் வசதிக்காகத் தம்முடைய கூகுள் கணக்கில் குரோமுக்குள் நுழைந்து ஒத்திசைவையும் இயக்கி வைத்திருந்தால், நாள் முழுவதும் வந்துபோகும் மக்கள் அந்தக் கணினியில் விட்டுச்செல்லும் விவரங்கள் அவருடைய சொந்தக் கைபேசிக்கும் வீட்டுக் கணினிக்கும் போய்ச் சேரும். அவரிடம் எந்தத் தீய நோக்கமும் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கைபேசி தொலைந்தாலோ பிள்ளைகள் கையில் போனாலோ போதும். எதிர்த்திசையிலும் இது நடக்கக்கூடும்: ஜிமெயிலைத் திறக்க வந்த மாணவி, உலாவியின் அழைப்பை ஏற்று அதே கணக்கில் குரோமுக்குள்ளும் நுழைந்துவிட்டுக் கிளம்பினால், அவர் தம் கைபேசியில் சேமித்தவை மையத்துக் கணினியில் வந்து இறங்கலாம். ‘பிரவுசர் சைன்இன்’ என்ற கொள்கைக்குச் சுழியம் என்ற மதிப்பைக் கொடுத்தால் உலாவிக்குள் நுழையும் வழி அடைபடுகிறது, ஜிமெயில் போன்ற தளங்களுக்குள் வழக்கம்போல் நுழைவதற்கு மட்டும் தடையில்லை. இந்த வேறுபாட்டை மையத்துப் பணியாளர்களுக்கு ஒருமுறை விளக்கிவிட்டால், ‘மெயில் திறக்காமல் போய்விடுமோ’ என்ற அச்சத்தில் கொள்கையை நீக்கிவிட மாட்டார்கள்.

மூன்றாவது, தானாக நிரப்புதல். பெயர்ப் பெட்டியில் முதல் எழுத்தை இட்டவுடன் அதே எழுத்தில் தொடங்கும் முந்தைய விண்ணப்பதாரர்களின் பெயர்களும், தொலைபேசிப் பெட்டியில் அவர்களின் எண்களும் பட்டியலாக இறங்குவதைப் பலர் வேகமான சேவையின் அடையாளமாகவே கருதக்கூடும். அந்தப் பட்டியல் ஓர் ஊரின் பெயரேடு. ஒரே நாட்டைச் சேர்ந்த குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் மலையில், யார் என்ன உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார் என்பதை ஊகிக்க ஒரு பெயரும் ஒரு கைபேசி எண்ணும் போதும். முகவரிகளுக்கும் வங்கி அட்டைகளுக்கும் குரோமில் தனித்தனிக் கொள்கைகள் உள்ளன, இரண்டையும் அணைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் படிவ வரலாற்றை நிறுத்தும் கொள்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலாவி மூடப்படும்போது அதில் சேர்ந்த அனைத்தையும் துடைத்துவிடும் கொள்கையும் உண்டு. குரோமில் அது தற்காலிகச் சுயவிவரம் என்றும், ஃபயர்ஃபாக்ஸில் மூடும்போது சுத்தம் செய்தல் என்றும் அமைந்திருக்கிறது. முழு நம்பிக்கையையும் இதன்மேல் வைப்பது பிழையாகும். காரணம், துடைத்தல் நிகழ்வது உலாவியின் எல்லாச் சன்னல்களும் மூடப்படும்போது மட்டுமே. காலையில் திறந்த சன்னலை மாலைவரை மூடாமல், தாவல்களை மட்டும் திறந்து மூடி வேலை செய்யும் மையத்தில், அன்று வந்த எல்லாருடைய நுழைவுகளும் மாலைவரை உயிரோடு இருக்கும். ஆகவே ஒருவர் எழுந்து அடுத்தவர் அமரும் இடைவெளியில் உலாவியை முழுவதும் மூடித் திறக்கும் பழக்கமும், மேற்சொன்ன தனிக் கொள்கைகளும் சேர்ந்தே இயங்க வேண்டும். இன்னொரு எல்லையும் உண்டு. பதிவிறக்கிய கோப்புகளைத் தற்காலிகச் சுயவிவரம் தொடுவதில்லை. பதிவிறக்கக் கோப்புறையில் ஆதார் அட்டைகள் வரிசையாகக் கிடந்தால் அவை கிடந்தபடியே இருக்கும். மின்-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் பெயரின் முதல் 4 எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது என்பது எல்லாரும் அறிந்த விதி, ஆகவே அந்தப் பூட்டு அறிமுகமானவர்களுக்கு எதிராக எந்தக் காவலும் இல்லை. அந்தக் கோப்புறையை நாள்தோறும் காலி செய்வது உலாவிக்கு வெளியே, ஆள் செய்ய வேண்டிய வேலை.

அறிவிப்புகள் தனியே பேசப்பட வேண்டியவை. இணையதளம் ஒன்று, தான் திறந்திராத நேரத்திலும் திரையின் மூலையில் செய்திகளைக் காட்ட அனுமதி கேட்பதே அறிவிப்புக் கோரிக்கை. தேர்வு முடிவையோ வேலைவாய்ப்புச் செய்தியையோ தேடிச் செல்பவரை இடையில் மறிக்கும் மோசடித் தளங்கள், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்பது போன்ற வாசகத்தால் இந்த அனுமதியைப் பறிக்கின்றன. பின்னர், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்றும், இந்த எண்ணை அழைக்கவும் என்றும், பரிசு விழுந்திருக்கிறது என்றும் திரையின் ஓரத்தில் செய்திகள் எழத் தொடங்குகின்றன. அவை விண்டோஸின் சொந்த எச்சரிக்கைகள் போலவே தோற்றமளிப்பதால், கணினியை முதன்முறையாகத் தொடும் ஒருவர் அவற்றை ஐயுறுவதற்குக் காரணமே இல்லை. இச்சிக்கலை உலாவித் தயாரிப்பாளர்களும் உணர்ந்தே இருந்தனர்: 2020 சனவரியில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் எதையேனும் சொடுக்காமல் கோரிக்கைப் பெட்டி எழாதவாறு செய்தது, அடுத்த மாதம் வந்த குரோம் 80 அடக்கமான கோரிக்கை வடிவம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. பொதுக் கணினிக்கு அந்த அரைத் தீர்வு போதாது. குரோமில் அறிவிப்புகளுக்கான இயல்பு அமைப்பை 2 என்ற மதிப்புக்கு மாற்றினால் எந்தத் தளமும் கேட்கவே முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கொள்கை அதே பலனைத் தருகிறது. பலர் பகிரும் கணினியில் அறிவிப்பு என்ற வசதிக்கு நியாயமான பயன் ஒன்றையாவது சுட்டுவது கடினம். யாருக்கான செய்தி யார் எதிரில் எழும் என்பது உலாவிக்கே தெரியாது.

மலையின் இணைய வேகத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பாரத்நெட் பணி மாநிலத்தில் டான்ஃபினெட் நிறுவனத்தின் வழியே நடைபெறுகிறது. ஆயினும் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும் மின்தடை நேர்வதும் மலைப்பகுதிக்குப் புதியவை அல்ல, பல நேரங்களில் கைபேசியின் இணைப்பைப் பகிர்ந்தே வேலையை முடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒற்றை இணைப்பில் உலாவி தானாகச் செய்யும் பதிவிறக்கங்கள் எடைமிக்கவை. பயனர் எந்த இணைப்பைச் சொடுக்கக்கூடும் என்று ஊகித்து அப்பக்கங்களை முன்கூட்டியே இழுத்துவைக்கும் வசதியை, வலைப்பின்னல் முன்கணிப்புக்கான கொள்கையால் நிறுத்தலாம். எட்ஜின் புதிய தாவலில் செய்திகளையும் படங்களையும் கொட்டும் பக்கம், பக்கவாட்டுப் பட்டை, கடைவிலை ஒப்பீடு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கொள்கைகள் உண்டு. அண்மைக்கால வரவு ஒன்றும் உள்ளது: தகுதியுள்ள வன்பொருள் கொண்ட கணினிகளில் குரோம், செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைப் பல ஜிகாபைட் அளவில் பின்னணியில் பதிவிறக்கிக்கொள்ளக் கூடியது, 2024 முதல் அதைத் தடுக்கும் கொள்கையும் இருக்கிறது. பழைய கணினிகள் அத்தகுதியை எட்டுவதில்லை என்பது இவ்விடத்தில் ஒரு நல்வாய்ப்பு. புதிதாக வரும் கணினிகளில் முதல் நாளே இதைப் பார்த்துவிட வேண்டும். நினைவகம் குறைந்த கணினிகளில், மூடிய பின்னும் குரோமைப் பின்னணியில் ஓடவைக்கும் பாங்கையும், கணினி தொடங்கும்போதே எட்ஜை நினைவகத்தில் ஏற்றி வைக்கும் வேகத் தொடக்கத்தையும் அணைப்பது உடனே உணரத்தக்க வேறுபாட்டைத் தரும். எட்ஜைப் பயன்படுத்துவதே இல்லை, அதற்கு ஏன் கொள்கை என்ற வினா எழலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் விளைவாக அங்குள்ள விண்டோஸ் பயனர்கள் எட்ஜை நீக்கிவிட முடிகிறது. இந்தியப் பயனருக்கு அந்த வழி தரப்படவில்லை. கணினியில் இருக்கும் உலாவி என்றேனும் ஒருநாள் திறக்கப்படும். ஆகவே இருக்கும் எல்லா உலாவிகளிலும் ஒரே விதி அமைய வேண்டும்.

இனி, அணைக்கக் கூடாதவை. ஆர்வமிக்க பராமரிப்பாளர்கள் இணையத்தில் கிடைக்கும் நீண்ட கொள்கைக் கோப்பு ஒன்றை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடுவதுண்டு. அத்தகைய கோப்புகளில் சில, அந்தரங்கக் காப்பு என்ற பெயரில், மோசடித் தளங்களைக் கண்டு எச்சரிக்கும் பாதுகாப்பு உலாவலையும் சேர்த்தே அணைக்கின்றன. சில, தரவுச் செலவைக் குறைக்கிறோம் என்று தானியங்கிப் புதுப்பித்தலையே நிறுத்துகின்றன. முன்னது, முதன்முறை பயனர்கள் மிகுந்த இடத்தில் இருக்கும் ஒரே காவலை அகற்றுவது. பின்னது, அறியப்பட்ட ஓட்டைகளைத் திறந்தே வைத்திருப்பது. புதுப்பித்தலை வகுப்பு நேரத்தில் மட்டும் தள்ளிவைக்கும் கொள்கை கூகுளின் புதுப்பிப்பு மென்பொருளுக்கு உண்டு, அதுவே போதுமானது. ஃபயர்ஃபாக்ஸைப் பொறுத்தவரை, புதிய வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாறி, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து வரும் நீள்காலப் பதிப்பு ஒன்று உள்ளது. பொதுக் கணினிக்கு அதுவே பொருத்தம். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்கும் கணினி எங்கேனும் இருந்தால், அங்கும் ஃபயர்ஃபாக்ஸின் கொள்கைக் கோப்பு இதே முறையில் செயல்படும்.

தமிழ்த் தட்டச்சுக்கு நேரும் இடரை வெளியூர்ப் பட்டியல் எதுவும் சொல்லாது. தேவையற்ற நீட்டிப்புகள், அதாவது உலாவியோடு இணைத்துக்கொள்ளும் துணைநிரல்கள், விளம்பரங்களையும் ஒற்று வேலையையும் கொண்டுவரக் கூடியவை என்பதால், எல்லா நீட்டிப்புகளையும் நட்சத்திரக் குறி ஒன்றால் தடுத்துவிடும் கொள்கை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதைச் செய்த மறுநாள், கூகுள் இன்புட் டூல்ஸ் நீட்டிப்பின் வழியே தமிழில் தட்டச்சு செய்துவந்த மாணவர்களுக்கு அந்த வசதி நின்றுபோயிருக்கும். தடைப்பட்டியலோடு அனுமதிப்பட்டியல் ஒன்றையும் எழுதி, தமிழ் உள்ளீட்டுக்கான நீட்டிப்பின் அடையாளக் குறியீட்டை அதில் சேர்க்க வேண்டும். அல்லது, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இயங்குதளத்திலேயே நிறுவி, நீட்டிப்பின் தேவையையே நீக்கிவிடலாம். பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும் வசதியும், எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், உரையை வாசித்துக் காட்டும் வசதியும் கூடுதல் சுமை என்று கருதப்பட்டு அணைக்கப்படுவது கூடவே கூடாது. ஆங்கிலச் சூழலில் இயங்கும் ஓர் அலுவலகத்துக்குத் தேவையற்றவை, படிவத்தின் ஆங்கிலத் தலைப்பைப் புரிந்துகொள்ளத் திணறும் முதியவருக்குக் கணினியின் மிகப் பயனுள்ள பகுதிகளாக இருக்கலாம். எது வேண்டாதது என்பதைக் கலிபோர்னியாவில் எழுதப்பட்ட பட்டியல் முடிவுசெய்ய முடியாது. வாழவந்தி நாட்டிலும் அரியூர் நாட்டிலும் அக்கணினிகளைப் பயன்படுத்துவோரை அறிந்தவர்களே அதை முடிவுசெய்யத் தக்கவர்கள்.

மறைநிலைச் சன்னலைப் பற்றியும் ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வரலாற்றைச் சேமிக்காத அந்தச் சன்னலை மாணவர்கள் தவறாகப் பயன்படுத்துவர் என்றெண்ணிப் பள்ளிகள் அதைத் தடுப்பது வழக்கம். பகிர்ந்துகொள்ளும் கணினியில் பயனர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கையில் உள்ள எளிய கருவி அது. அதைப் பிடுங்கிவிட்டு, அதற்கு ஈடாக உலாவி எதையும் நினைவில் வைக்காது என்ற உறுதியைத் தராமல் விடுவது நியாயமில்லை. தற்காலிகச் சுயவிவரக் கொள்கை நடைமுறையில் இருந்தால் மறைநிலை இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். இல்லையெனில் அதைத் திறந்தே வைக்க வேண்டும். எப்போதும் மறைநிலையிலேயே இயங்குமாறு கட்டாயப்படுத்தும் மதிப்பும் மறைநிலைக்கான கொள்கைக்கு உண்டு, ஆனால் மறைநிலையில் நீட்டிப்புகள் இயல்பாக இயங்குவதில்லை என்பதால் தமிழ்த் தட்டச்சுச் சிக்கல் மீண்டும் எழும். மாணவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை உலவிய வரலாற்றின் வழியே கண்காணிப்பது ஆசிரியரின் கண்பார்வைக்கு மாற்றாக ஆகாது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் திசையிலேயே அமைந்திருக்கிறது. தளங்களைத் தடுக்கும் பட்டியலிலும் இதே கவனம் தேவை. யூடியூபை முழுவதும் அடைத்துவிட்டால், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் அதோடு சேர்ந்து அடைபடும். மாநிலம் முழுவதும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டதன் நோக்கமே இத்தகைய பாடங்களைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்ப்பது.

கொள்கை வகுப்பவரின் அதிகாரம் மறைவில் இருக்கலாகாது. குரோமின் பட்டியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி தோன்றும்; அதைக் கண்டு அஞ்சுபவரும் உண்டு, அஞ்சுவது முற்றிலும் தவறுமில்லை, ஏனெனில் தீங்குநிரல்களும் இதே ஏற்பாட்டைப் பயன்படுத்தித் தம் நீட்டிப்புகளை நீக்கமுடியாதபடி பூட்டிவைக்கின்றன. வீட்டுக் கணினியில் யாரும் அமைக்காமலே அவ்வரி தோன்றினால் அது ஆராயப்பட வேண்டிய அறிகுறி. பொதுக் கணினியில், எவையெவை, எதற்காக அணைக்கப்பட்டுள்ளன, யாரிடம் கேட்டால் மாற்றப்படும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும், பள்ளியாயின் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் அதைப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவதும் பொருத்தமான நடைமுறையாகும். பெற்றோர் எதிர்ப்பார்கள் என்பதற்காக அன்று. தம் பிள்ளையின் கடவுச்சொல் அங்கே சேமிக்கப்படுவதில்லை என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அமைத்து முடித்தபின் சோதிப்பது எளிது. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘பாலிசீஸ்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி இட்டால் நடைமுறையிலுள்ள கொள்கைகளும், கோப்பில் பிழை இருந்தால் அதுவும் தனித்தனியே காட்டப்படும். குரோமிலும் எட்ஜிலும் இதற்கு இணையான பக்கங்கள் உண்டு. மிக அதிகமாக நேரும் பிழை, ஜேசன் கோப்பில் ஒரு காற்புள்ளி விடுபடுவது அல்லது கடைசி வரியில் ஒன்று கூடிவிடுவது. ஒரு குறி தவறினாலும் கோப்பு முழுவதும் புறக்கணிக்கப்படும், உலாவி வெளிப்படையாக எதையும் சொல்லாது. வாட்ஸ்அப் வழியாகவோ வேர்டு கோப்பாகவோ பகிர்ந்த கொள்கையை ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிப்போவதும் அதே விளைவைத் தரும். விண்டோஸில் முகப்புப் பக்கம், இயல்பான தேடுபொறி போன்ற சில குரோம் கொள்கைகள், கணினி ஒரு நிறுவன வலைப்பின்னலில் இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஏற்கப்படும்; தனிக் கணினியில் அவை செயல்படாதது கோப்பின் பிழையால் அன்று. காலப்போக்கில் பெயர்களும் வழக்கொழியும்: ஃபயர்ஃபாக்ஸின் பாக்கெட் சேவை 2025 சூலையில் மூடப்பட்டுவிட்டதால் அதை அணைக்கும் வரி இன்று வெறும் சுமை. ஆகவே, பொருள் தெரியாமல் நகலெடுத்த 60 வரிகளைவிட, ஒவ்வொன்றும் எதற்கென்று சொல்லக்கூடிய 12 வரிகள் பராமரிக்க எளியவை.

முதலில் ஒரே கணினியில் செய்து, ஒரு வாரம் அதில் வழக்கமான விண்ணப்பங்களையெல்லாம் போட்டுப் பார்ப்பது நல்லது. ரசீதையோ கட்டணப் பக்கத்தையோ புதிய சன்னலில் திறக்கும் தளம் ஏதேனும் தடைபட்டால், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு எழுதும் கொள்கையைச் சேர்த்துவிட்டு, பிறகு மற்றக் கணினிகளுக்கு அதே கோப்பை எடுத்துச் செல்லலாம். கோப்பின் நகல் ஒன்றும் அதை மாற்றிய தேதிகளும் பராமரிப்புப் பதிவேட்டில் இருந்தால், பணிமாறுதலில் புதிதாக வரும் ஆசிரியர் தேடி அலைய வேண்டியிருக்காது.

கடைசியாக ஓர் எல்லைக்கோடு. இக்கொள்கைகள் பொதுக் கணினிகளுக்கு உரியவை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினியோ, வீட்டார் வாங்கித் தந்த கணினியோ பழுதுபார்ப்புக்காகப் பள்ளிக்கு வந்தால், அதில் இக்கோப்பை வைத்து அனுப்புவது முறையன்று. அங்கே உலாவியின் ஒரே ஆள் என்ற அனுமானம் சரியானதே, எதைச் சேமிப்பது என்பதை அம்மாணவரே முடிவுசெய்யலாம். அவ்வாறே, பொதுக் கணினி ஒன்று பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு யாரேனும் ஒருவருக்கு வழங்கப்படும் நாளில், கொள்கைக் கோப்பையும் பதிவேட்டில் எழுதிய வரிகளையும் நீக்கி, உலாவியின் பட்டியில் நிர்வகிக்கப்படுகிறது என்ற வரி மறைந்துவிட்டதா எனப் பார்த்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும்.